முனிரத்தினத்தின் காரும் கனகவல்லியின் கிரைண்டரும்

கோவிலம்பாக்கத்தில் கனகவல்லியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் கடை மாவைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. தெருவில் யார் வீட்டிலாவது இட்லி பூப்போல வந்தால் பெருமை அந்த வீட்டுக்காரிக்கு. கல்லாகப் போனால் திட்டு கனகவல்லிக்கு. இது என்ன நியாயம் என்று அவள் கேட்காத நாள் இல்லை. கேட்டுக்கொண்டே அளந்ததற்கு மேல் ஒரு கரண்டி சேர்த்து ஊற்றுவாள். வாய்தான் அப்படி, மனசு வேறு.

புருஷன் அப்பாதுரை திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். வீட்டில் ஒருத்தர் பேசினால் போதும் என்று கல்யாணமான வாரமே முடிவு செய்துவிட்ட புண்ணியவான். ஒரே பெண் சினேகாவைப் பம்மலில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

அந்தக் கல்யாணத்தில்தான் வினை வந்தது. சமையல் கான்ட்ராக்ட்காரன் எங்கேயோ மாவு வாங்கி இட்லி ஊற்ற, அது பந்தியில் தொட்டால் உருண்டது. சினேகாவின் மாமியார் பேபி நல்ல மனுஷிதான். ஆனால் கிடைத்த விஷயத்தை விடுகிற ஆள் இல்லை. "மாவு கடக்காரி வூட்டு கல்யாணம், இட்லி மட்டும் உடைக்க சுத்தி வேணும்" என்று போகிற வீடெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கனகவல்லிக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. சினேகாவுக்கு வளைகாப்பு என்று வரட்டும், என் மாவில் நானே இட்லி ஊற்றி இந்தப் பேபி வாயை அடைக்கிறேன் என்று காத்திருந்தாள். வளைகாப்பும் வந்தது. கூடவே முனிரத்தினத்தின் காரும் வந்தது.

முனிரத்தினம் எதிர்வீடு. ஒருகாலத்தில் அவர் குடும்பம் நெல் விளைத்த இடத்தில் இப்போது அபார்ட்மென்ட்கள் நிற்கின்றன. வாடகை வருகிறது, கைக்கு வேலை இல்லை, குரல் மட்டும் இன்னும் வரப்பில் நின்று கூப்பிடுகிற குரல். அவர் வாங்கினது சாதாரணக் கார் இல்லை. கரண்டில் ஓடுகிற சொகுசுக் கார். கிட்டே போனால் கைப்பிடி தானாக வெளியே வரும். தெருவுக்கே லட்டு கொடுத்தார். செருப்போடு யாரும் ஏறக்கூடாது என்றும் சொன்னார்.

"பூமிக்கு நல்லது கனகா! புகையே கெடயாது, சத்தமே கெடயாது" என்றார்.

சத்தம் கிடையாதுதான். அதனால் நடுத்தெருவில் படுத்திருக்கிற நாய்கள் அந்தக் காரைச் சட்டையே செய்யவில்லை. ஹாரன் இருக்கிறது. ஆனால் அத்தனை விலை கொடுத்துச் சத்தமில்லாத கார் வாங்கிவிட்டு ஹாரன் அடிக்க அவருக்கு மனசு வருமா? இறங்கிப் போய் நாயை விரட்டிவிட்டு, திரும்ப வந்து ஏறுவார். அதற்குள் நாய் பழைய இடத்துக்கு வந்துவிடும். தெருவுக்கு நல்ல பொழுதுபோக்கு.

தொல்லை சார்ஜ் போடுவதில் ஆரம்பித்தது. இதற்குத் தனியாக ஒரு லைன் வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஷோரூமில் படித்துப் படித்துச் சொன்னார்கள். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று வீட்டு லைனிலேயே சொருகினார் முனிரத்தினம். சாயங்காலமானால் அவர் வீட்டுச் சுவரில் சார்ஜரின் பச்சை விளக்கு எரியும். அதே நிமிஷம் எதிர்க்கடையில் கனகவல்லியின் கிரைண்டர் முனகும். தெருவில் ஃபேன்கள் சாவகாசமாகச் சுற்றும். உளுந்து பொங்கவில்லை, அரிசி நறநறத்தது, வாடிக்கைக்காரிகள் பாத்திரத்தோடு சண்டைக்கு வந்தார்கள்.

அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு மீட்டர் பக்கத்தில் ஒரு திருப்புகிற சுவிட்ச் உண்டு. மூன்று ஃபேஸில் எதில் கரண்ட் நன்றாக வருகிறதோ அதற்கு மாற்றிக்கொள்ளலாம். கனகவல்லி இரண்டாவதற்கு மாற்றினாள். கிரைண்டர் குஷியாக ஓடியது. இதைப் பார்த்துத் தெருவே இரண்டாவதற்கு வந்தது. பார்த்தார் முனிரத்தினம், அவரும் இரண்டாவதற்கு வந்தார். தெரு மூன்றாவதற்கு ஓடியது. அவரும் பின்னாலேயே வந்தார். கூட்டமில்லாத ஷேர் ஆட்டோ வந்தால் எல்லாரும் ஒன்றாக ஓடி ஏறுகிற கதைதான்.

வளைகாப்புக்கு முதல் நாள் சாயங்காலம் உளுந்தும் அரிசியும் ஊறித் தயாராக இருந்தன. இப்போது அரைத்துக் கரைத்து வைத்தால்தான் காலையில் புளித்துப் பொங்கும். உளுந்தைப் போட்டாள். பாதி அரைபட்டதும் எதிரே பச்சை விளக்கு எரிந்தது. கிரைண்டர் ஒரு முனகு முனகி நின்றேவிட்டது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள் கனகவல்லி.

"இன்னா அண்ணா இது? உன் வண்டி துன்னுச்சுன்னா தெரு பட்டினி கெடக்கணுமா?"

"இன்னாம்மா இப்டி சொல்லிட்ட? ஊருக்கு நல்லதுன்னுதானே வாங்குனேன். ஒரு பொட்டு புகை வருதா பாரு!"

"இங்க வரல. எங்க அக்கா எண்ணூர் பக்கம் கீறா. துணி காயப்போட்டா சாம்பல் வுழுது. நமக்குக் கரண்ட் குடுக்க அங்க நிலக்கரி எரியுதாம். உன் புகை எங்கியும் போயிடல அண்ணா. எங்க அக்கா வூட்டு கொடியில கீது."

வரப்புக் குரல் சட்டென்று இறங்கியது. அந்தத் தெரு பார்க்காத காட்சி. மெல்லச் சொன்னார்: "நாளைக்கு சினேகாவ என் கார்லதானேம்மா கூட்டிக்கினு வரப் போறேன். அதான் ஃபுல் பண்ணிக்கினு கீறேன்."

"பம்மலுக்குப் போய் வர எதுக்கு ஃபுல்லு? பெங்களூருக்கா போற? ஒயரப் புடுங்கு அண்ணா, என் மானமே அந்த கிரைண்டர்ல கெடக்குது!"

அவர் புடுங்கத்தான் போனார். அதற்குள் பிள்ளையார் கோயில் முனையிலிருந்து டமார் என்று ஒரு சத்தம். எல்லாரும் ஒரே ஃபேஸில் தொங்கினால் டிரான்ஸ்ஃபார்மர் என்ன செய்யும், பாவம். தெரு முழுக்கப் போனது கரண்ட். லைன்மேனுக்கு போன் போட்டால், மேடவாக்கம் பக்கம் கம்பத்தில் இருக்கிறேன், எப்போது வருவேன் என்று சொல்ல முடியாது என்கிறார்.

கனகவல்லி அந்த வீட்டுப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். "நாளைக்கு அந்தப் பேபி மறுபடியும் சுத்தி கேப்பா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். வாயாடி அழுதால் பார்க்கிறவர்களுக்குத் தாங்குமா? அப்பாதுரை பக்கத்தில் வந்து நின்று அவள் தோளைத் தொட்டார்.

உள்ளேயிருந்து முனிரத்தினத்தின் மனைவி தாயாரம்மாள் டார்ச்சோடு வந்தாள்.

"ஏன்யா, அன்னிக்கு ஷோரூம்ல இந்த வண்டியிலயே ஒயர மாட்டி அந்தப் புள்ள நமக்கு காபி போட்டுக் குடுக்கல? காபி போட்ட வண்டி மாவு அரைக்காதா?"

முனிரத்தினம் தலையில் அடித்துக்கொண்டார். அந்த ஒயர் டிக்கியில் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. அவரும் அப்பாதுரையும் கிரைண்டரைத் தூக்கித் தெருவைக் கடந்து கார் பக்கத்தில் வைத்தார்கள். சொருகினார்கள். ஐயோ, அது ஓடின ஓட்டத்தைப் பார்க்கணுமே! முனகல் இல்லை, திணறல் இல்லை. உளுந்து பொங்கிப் பொங்கி விளிம்புக்கு வந்தது. "அடி என் தங்கமே!" என்றாள் கனகவல்லி. கிரைண்டரையா காரையா என்று யாரும் கேட்கவில்லை.

அப்புறம் தெரு சும்மா இருக்குமா? ஒருத்தி மிக்ஸியோடு வந்தாள். ஒருத்தி ஐந்தாறு போனோடு வந்தாள். தாயாரம்மாள் ஏசியைப் போட்டு, வியர்த்து வந்த பெண்களை முறை வைத்துக் காருக்குள் உட்காரவைத்தாள். செருப்போடுதான். முனிரத்தினம் ஒரு கையில் துணியோடு கதவில் தெறித்த மாவைத் துடைப்பதும், எட்டி உள்ளே திரையைப் பார்ப்பதுமாக இருந்தார்.

"கனகா, கால்வாசிக்குக் கீழ வந்துச்சும்மா."

"அரிசி இன்னும் கீது அண்ணா."

"இன்னா, தேங்கா சட்னியுமா? அத காலைல அரச்சா ஆவாதா?"

அவர் புலம்பப் புலம்பத் தெரு சிரித்தது. கடைசியில் அவரும் சிரித்துவிட்டார். மாவெல்லாம் கரைத்து மூடி வைத்த பிறகுதான் கரண்ட் வந்தது. டிரான்ஸ்ஃபார்மர் மறுபடி வெடித்துத் தொலைக்கப் போகிறது என்ற பயத்தில், அன்றைக்குக் காருக்கு ஒயர் சொருக அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

காலையில் கார் படுத்துவிட்டது. தெருமுனை வரைக்கும்கூடப் போகாது. பட்டு வேட்டி கட்டிக்கொண்டு முனிரத்தினம் ஆட்டோவில் பம்மல் போய், சினேகாவையும் பேபியையும் கூட்டிக்கொண்டு வந்தார். வழி நெடுகப் பேபி விடவில்லை. "பெரிய காருன்னீங்க, கைப்பிடி தானா வருமுன்னீங்க." முனிரத்தினம் வாயைத் திறக்கவில்லை. திறந்து நேற்றைய கதையைச் சொல்லியிருந்தால் கனகவல்லி கொன்றிருப்பாள்.

கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கி, கன்னத்தில் சந்தனம் பூசி, சினேகா ஜொலித்தாள். பந்தியில் பேபிக்கு முதல் தட்டு. கனகவல்லி தானே இட்லியை வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றாள். பேபி ஒரு விள்ளல் எடுத்தாள். விரல் பட்டதும் இட்லி விண்டுகொண்டு வந்தது. வாயில் போட்டாள். இன்னொன்று போடச் சொன்னாள். அதற்குப் பிறகும் கேட்டாள். ஆனாலும் ஏதாவது ஒரு குறை சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு செரிக்காது.

"எல்லாம் சரி, அந்தக் காரைத்தான் கடைசி வரைக்கும் கண்ணுல காட்டல" என்றாள்.

"காரா?" என்றார் முனிரத்தினம். "உங்க தட்டுலதான் கீது சம்பந்தியம்மா. நல்லா சட்னி தொட்டு சாப்பிடுங்க."

பந்தல் முழுக்கச் சிரித்தது. விஷயம் தெரிந்ததும் பேபி சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறியது. கனகவல்லிதான் ஓடிவந்து தலையில் தட்டினாள். போகும்போது பேபி ஒரு தூக்கு நிறைய மாவு வாங்கிக்கொண்டு போனாள். இப்போது பம்மலில் அவள் சொல்கிற கதையே வேறு.

முனிரத்தினம் அலைந்து திரிந்து காருக்குத் தனி லைன் வாங்கிவிட்டார். மாடியில் சோலார் தகடும் போட்டிருக்கிறார். கேட்டால், கனகாவின் அக்கா வீட்டுத் துணிக்கொடிக்காக என்கிறார். இனி அவர் எந்நேரம் சார்ஜ் போட்டாலும் கிரைண்டருக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் சாயங்காலமானால் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். எதிர்க்கடையில் கிரைண்டர் நின்றதும் கனகவல்லி குரல் கொடுக்கிறாள்.

"அண்ணா, ஆயிடுச்சு! உன் புள்ளைக்கு சோறு போடு!"

அதைக் கேட்ட பிறகுதான் சொருகுகிறார்.