வல்லாரையும் வலது கையும்

எங்கள் சித்தி வேலை பார்ப்பது முகத்துக்குப் பூசும் கிரீம் செய்கிற கம்பெனியில். அந்தக் கட்டடத்தின் பின்பக்கம், கழிவறைக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே அவளுக்கென்று ஓர் அறை உண்டு. கதவில் 'சாறு அறை' என்று எழுதியிருக்கும். எவனோ ஒரு குசும்பன் முன்னால் ஒரு கொம்பைச் சேர்த்து அதைச் 'சோறு அறை' ஆக்கிவிட்டான். அதனால் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் மத்தியான நேரத்தில் தட்டோடு வந்து நிற்பார்கள். சித்தி அவர்களை உட்காரவைத்து, தாவரச் சாறு என்றால் என்ன என்று ஆரம்பத்திலிருந்து விளக்கி, பசி மயக்கத்தோடு திருப்பி அனுப்புவாள்.

அவளுடைய சாறு வல்லாரைச் சாறு. இலை மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கழுவி, நிழலில் உலர்த்தி, பொடித்து, எரிசாராயமும் தண்ணீரும் கலந்து ஊறவைத்து, வடிகட்டி, கண்ணாடிக் குடுவையில் ஊற்றிச் சுழலவிட்டுச் சாராயத்தை ஆவியாக்கி விரட்டினால், ஒரு மூட்டைக்கு ஒரு கிண்ணம் என்று கரும்பச்சையாய்ப் பசை மிஞ்சும். "இதுதான் ஆக்டிவ்" என்பாள். மெழுகு, எண்ணெய், தண்ணீர், வாசனை எல்லாம் மாப்பிள்ளையோடு கூட வருகிற கூட்டம், இதுதான் மாப்பிள்ளை என்பது அவள் கட்சி. கடையில் மற்ற கம்பெனி டப்பாக்களைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "இலைய டப்பா மேல வரைஞ்சிருக்கான். உள்ள இலையோட நிழலாவது விழுந்திருக்குமா?" என்று கடைக்காரரிடம் சண்டைக்கு நிற்பாள். கடைக்காரர் பாவம், அவர் என்ன செய்வார்.

சித்தப்பா டவுன் பஸ் டிரைவர். நல்ல மனுஷன், ஆனால் மறதிக்காரர். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுவார். வல்லாரை ஞாபக சக்திக்கு நல்லது என்று ஊருக்கே தெரியும். வல்லாரைக்காரி வீட்டிலேயே இப்படியா என்று நாங்கள் கேலி செய்தால் சித்தி முறைப்பாள். "நான் தோலுக்குத்தான் பொறுப்பு. மூளைக்கு அவரைப் பெத்தவங்களக் கேளுங்க" என்பாள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் முதலாளியம்மா வந்து கல்லைப் போட்டார். ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் ஒரு பெரிய கடைக்காரர்கள் கிரீமை வாங்க முன்வந்தார்கள். ஆனால் அவர்களுடைய தோல் டாக்டர், வல்லாரை நிஜமாகவே வேலை செய்கிறதா என்று கண்ணால் பார்த்தால்தான் ஆயிற்று என்று சொல்லிவிட்டார்.

"வித்தியாசம் தெரிஞ்சா நல்லது" என்றார் முதலாளியம்மா, குடுவை சுழல்வதைப் பார்த்தபடி. "தெரியலன்னா எதுக்கு இத்தனை இலை, இத்தனை சாராயம்? கொஞ்சம் பச்சைக் கலர் போட்டாப் போதும். இந்த அறையில காலி டப்பா அடுக்கலாம். நீங்க மூடி திருகுற பகுதிக்கு வந்துடுங்க, அங்க ஃபேன் நல்லா ஓடும்."

சித்தி அன்று வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் என்னிடம் கொட்டினாள். பாதி வாழ்க்கையைச் சாறு பிழிந்தே கழித்தவளை மூடி திருகச் சொன்னால் வயிறு எரியாதா? எனக்கே எரிந்தது. நான் அப்போது அவர்கள் வீட்டு மாடியில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதனால் நடந்ததெல்லாம் கண்ணால் பார்த்தும் காதால் கேட்டும் தெரிந்ததுதான்.

பல பேர் மேல் பூசிப் பார்ப்பதுதான் முறை. முதலாளியம்மா சிக்கனக்காரர். ஒரே ஆளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றார். ஒரு கைக்கு வல்லாரை கலந்த கிரீம், இன்னொரு கைக்கு அது இல்லாத வெறும் கிரீம். இதுவரை எதுவும் பூசாத, நன்றாகக் காய்ந்துபோன தோலாக இருந்தால் உத்தமம். அப்படி ஒரு தோல் எங்கள் வீட்டிலேயே பஸ் ஓட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க, கையக் காட்டுங்க" என்றாள் சித்தி. எதற்கு என்று கேட்காமல் அவர் காட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு அதுதான் பழக்கம்.

சித்தி யோசித்து, வல்லாரைக் கிரீமை இடது கைக்கு ஒதுக்கினாள். டிரைவரின் வலது கை ஜன்னல் பக்கம், நாளெல்லாம் வெயில். "வெயில் படுற கையில போட்டா வல்லாரைக்கு அநியாயம்" என்றாள் என்னிடம். இது கொஞ்சம் அழுகுணி ஆட்டம்தான், ஆனால் வேலை போகப்போகிறவளிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு டப்பா வைத்தாள். வல்லாரை இருப்பதற்கு 'வ', இல்லாததற்கு 'இ' என்று மூடியில் எழுதினாள். இலை ஊறவைக்க விடியும் முன்பே அவள் கிளம்பிவிடுவாள். அதனால் காலையில் அவரே பூசிக்கொள்வது, சாயங்காலம் அவள் பூசிவிடுவது என்று ஏற்பாடு.

வாரங்கள் போகப் போகச் சித்தப்பாவின் கைகளுக்கு என்னவோ ஆயிற்று. முழங்கை வரை இருந்த சொரசொரப்பு போயிற்று. கருமை போயிற்று. கல்லூரி வாசலில் நிற்கிற பையனின் கைகள் மாதிரி ஆகிவிட்டன. முழங்கைக்கு மேலே பழைய சித்தப்பா. முழங்கைக்குக் கீழே யாரோ.

ஒருநாள் போக்குவரத்துப் போலீஸ்காரர் பஸ்ஸை ஓரங்கட்டினார். ஜன்னலில் கையை மட்டும் பார்த்திருக்கிறார்.

"ஓட்டிட்டு வந்த பையன் எங்க?" என்று கேட்டார்.

"நான்தான் சார் ஓட்டிட்டு வந்தேன்."

"பெரியவரே, பேரனைக் காப்பாத்தப் பொய் சொல்லாதீங்க. பையனுக்கு லைசென்ஸ் இருக்கா?"

சீட்டுக்கு அடியில் குனிந்து தேடினார். கண்டக்டரை விசாரித்தார். கடைசியில் சித்தப்பா இரண்டு கைகளையும் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். போலீஸ்காரர் மேலும் கீழும் பார்த்து வண்டியை விட்டுவிட்டார். பாதி பயணிகள் அதற்குள் இறங்கி நடந்து போயிருந்தார்கள்.

சித்திக்கு இதையெல்லாம் கேட்டு உச்சி குளிர்ந்தது. இரண்டு கையும் பளபளக்கிறதே, ஒன்று மட்டும்தானே பளபளக்க வேண்டும் என்ற யோசனை அவளுக்கு வரவே இல்லை. மாலையில் பூசும்போது இடது கையை மட்டும்தான் ஆசையாகப் பார்ப்பாள். மற்றதற்கு மாற்றான் பிள்ளையைப் போலப் பேருக்குப் பூசி விட்டுவிடுவாள்.

சோதனை நாளில் சித்தப்பாவை மேசை முன் உட்காரவைத்தார்கள். தோல் டாக்டர் பூதக்கண்ணாடி மாதிரி ஒரு கருவியை வலது கையில் ஊர்ந்து போகவிட்டார், இடது கையில் ஊர்ந்து போகவிட்டார், மறுபடி வலது கைக்கு வந்தார்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். "ரொம்ப நல்லா இருக்கு. ஆனா ரெண்டும் ஒண்ணுதான்."

முதலாளியம்மா சித்தியைப் பார்த்தார். "அப்ப வெறும் கிரீமே போதும்னு ஆகுது, இல்லையா?" குரலில் கோபம்கூட இல்லை. மறுநாள் காலையில் காலி டப்பாக்களை அறைக்கு மாற்றச் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் வீடு இரண்டுபட்டது. "ஊர்ல இல்லாத தோலா உங்களோடது! வல்லாரை போட்டாலும் அதே, போடலன்னாலும் அதே! கட்டிக்கிட்டதுக்கு ஒரு நாளாவது எனக்குச் சாதகமா இருந்திருக்கா?" என்று சித்தி அவர் தோலைத் திட்டித் தீர்த்தாள்.

சித்தப்பா முதலில் வாங்கிக்கொண்டார். பிறகு அவருக்கும் ரோஷம் வந்தது. "நான் என்ன செஞ்சேன்? ஒரு நாள் மறந்திருப்பேனா? காலைல எந்திரிச்சதும் மொத வேலை அதுதான். டப்பாவுல எழுதியிருக்குறபடி வலது கைக்கு 'வ', இடது கைக்கு 'இ'. மாத்திப் போட்டிருந்தா என் கையை வெட்டு."

சித்தி டப்பாவை எடுத்து மூடியைப் பார்த்தாள். 'வ' வல்லாரை, 'இ' இல்லாதது என்று சொல்ல முயன்றாள்; பாதிதான் வந்தது. காலையில் அவர் வலது கைக்கு வல்லாரை, மாலையில் இவள் இடது கைக்கு வல்லாரை. வாழ்நாளில் சித்தப்பா மறக்காமல் செய்த ஒரே வேலை இதுதான். நான் சிரிப்பை அடக்க மாடிக்கு ஓடினேன். என்ன செய்வது, அடங்கவில்லை. கீழேயும் கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்று, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. அப்புறம் சித்தி மட்டும் அழுதாள்.

மறுநாள் சித்தப்பாவைக் கையோடு இழுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். அறிக்கை கொடுக்க வந்திருந்த தோல் டாக்டர் நியாயஸ்தர். "பேரை முழுசா எழுதி, வேற ஆளுங்களை வெச்சு மறுபடி முறையாச் செய்யுங்க. நான் காத்திருக்கேன்" என்றார்.

"அதுவரைக்கும் இந்த அறைய நான் எப்படி நடத்துறது?" என்றார் முதலாளியம்மா. அவர் கண் சித்தப்பாவின் கையிலிருந்து மெதுவாக மேலே ஏறி முகத்தில் நின்றது. "சார், முகத்துக்கு என்ன போடுவீங்க?"

"தண்ணி" என்றார் சித்தப்பா. "ஞாபகம் வந்தா."

முதலாளியம்மா முகம் மலர்ந்தது. ஒரே ஆள், ஒரே படம். முகத்துக்குக் கீழே 'முன்பு', கைக்குக் கீழே 'பின்பு'. டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு, இது ஆராய்ச்சியில் சேராது என்றார். விளம்பரத்தில் சேரும் என்றார் முதலாளியம்மா. படத்துக்குச் சம்மதித்தால் அறை இருக்கும், குடுவை சுழலும். ஒரே நிபந்தனை: விளம்பரம் ஓடும்வரை சித்தப்பா முகத்தில் எதையும் பூசக்கூடாது. 'முன்பு' முன்பாகவே இருக்க வேண்டும்.

சித்தி தரையைப் பார்த்தாள். சித்தப்பா அவளைப் பார்த்தார். "எடுத்துக்குங்க" என்றார்.

படம் ஊர் பஸ்களின் முதுகிலெல்லாம் ஒட்டப்பட்டது, அவருடைய பஸ் உட்பட. டிப்போவில் பெயரே மாறிவிட்டது. "முன்பு எங்கப்பா?" "முன்பு இப்பத்தான் டீ குடிச்சிட்டுப் போனார்." அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஆனால் வாலிபத்தில் தன் முகத்தைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் இருந்த மனுஷன். வீட்டில் ஷேவ் செய்யும்போது கண்ணாடியைப் பார்ப்பதை விட்டுவிட்டார். தடவிப் பார்த்தே மழித்துக்கொண்டு, தாடையில் வெட்டுக்காயத்தோடு வந்தார். சித்தி அதைப் பார்த்தாள். சாறு பொங்கி வழிந்தாலும் அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. தன் அறையைக் காப்பாற்ற அவர் முகத்தை விற்றுவிட்டோம் என்று என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

ஒருநாள் காலை, வழக்கம்போல இருட்டோடு கிளம்பாமல், சண்டைக்கென்றே எடுத்துவைத்திருக்கும் செருப்பைப் போட்டுக்கொண்டு என்னோடு பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். "படத்த எடுக்கச் சொல்லப்போறேன். அறை போனாப் போகட்டும். மூடி திருகிக்கிறேன்" என்றாள்.

எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் கிளம்பிப் போயிற்று. அதன் முதுகில் சித்தப்பா. பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் அதைப் பார்த்தார்கள்.

"பாவம், அந்த மூஞ்சிக்கு என்ன வியாதியோ" என்றாள் ஒருத்தி.

அவ்வளவுதான். "யாருக்கு வியாதி?" என்று சித்தி பாய்ந்தாள்.

"இல்லக்கா, அந்தப் படத்துல..."

"அந்த மூஞ்சிக்கு என்னடி குறைச்சல்? நெத்தி மடிப்பு வெயில்ல ரோட்டப் பாத்துப் பாத்து விழுந்தது. கண்ணோரத்துக் கோடு சிரிச்சு வந்தது. கன்னத்துல ஒரு பள்ளம் இருக்கே, நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப வந்தது. எது எப்ப வந்துச்சுன்னு ஒவ்வொண்ணா எனக்குத் தெரியும்!"

அதற்குள் அடுத்த பஸ் வந்து நின்றிருந்தது. கதவு திறந்தது. டிரைவர் சீட்டில் சித்தப்பா. சித்தி அவரைக் கவனிக்கவில்லை. நான் அவள் தோளைத் தொட்டேன், தட்டிவிட்டாள்.

"அப்ப அந்தக் கிரீம் வேலை செய்யாதாக்கா?" என்று கேட்டாள் மற்றவள், பயந்துகொண்டே.

"ஏன் செய்யாது? நான் செய்யுற சாறு, பிரமாதமா வேலை செய்யும். அதனாலதான் அவர் மூஞ்சில ஒரு சொட்டு பட விடமாட்டேன். காலைல கண்ணு முழிச்சாப் பக்கத்துல படுத்திருக்குறது யாருன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

இரண்டு பெண்களும் அவளுக்குப் பின்னால் டிரைவரையே பார்த்தார்கள். சித்தி திரும்பினாள். திறந்த கதவுக்குள் அவரைப் பார்த்தாள். முகம் சிவந்துபோயிற்று, இரண்டு பேருக்கும்.

"ஏறு" என்றார் சித்தப்பா. ஏறினோம். டிரைவருக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு சித்தி நின்றாள். இரண்டு நிறுத்தம் வரை அவர் ரோட்டையே பார்த்து ஓட்டினார்.

"இந்தச் செருப்பப் போட்டுக்கிட்டு எங்க கிளம்பிட்ட?"

"கம்பெனிக்குத்தான். படத்த எடுக்கச் சொல்ல."

"வேண்டாம், இருக்கட்டும்" என்றார். "நீ போய் இலைய ஊறவை."