முன்னுரை ஏன் குண்டானான்?

எங்கள் வீட்டுப் பூனை ஜில்லுவை உங்களில் பலருக்குத் தெரியும். அவள் அட்டகாசத்தை இந்தப் பக்கத்தில் எழுதி எழுதி, 'போதும் தாயே, வேற எழுது' என்று உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறேன். போன மாதம் அவளுக்குக் காதில் புண். ஒயர் கூடையில் உட்கார வைத்து, மேலே ஒரு துண்டை இறுக்கிக் கட்டி, ஆட்டோ பிடித்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன்.

அங்கே பெஞ்சில் எனக்கு முன்னால் ஒரு நாய்.

நாயா அது? தலையணைக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது. நிற்கவே மூச்சு வாங்கியது. சங்கிலியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன்... மணிக்கட்டில் உட்பக்கமாகத் திருப்பிக் கட்டிய வாட்ச். அட, ஸ்டெல்லா அக்கா!

"ஜெயா! நீயா? பூனைக்கு என்னாச்சு?" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. நான் பதில் சொல்வதற்குள் டாக்டர் கூப்பிட்டுவிட்டார். கதவு திறந்தேதான் இருந்தது. ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

"பேரு?"

"முன்னுரை."

டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "நாய் பேரைக் கேட்டேம்மா."

"நாய் பேருதான் சார். கூப்பிடுறது முன்னு."

"ம்... என்ன போடுறீங்க இதுக்கு?"

"சோறுதான் சார்."

"வெறும் சோத்துல இம்புட்டு ஏறாதே. எண்ணெய்ப் பலகாரம் எதுவும் குடுக்குறீங்களா?"

அக்கா கொஞ்சம் தயங்கினார். "ஞாயித்துக்கிழமை போண்டா போடுவேன் சார். மீந்ததை ரெண்டு மூணு நாளைக்கு இவன்தான்..."

"ஒவ்வொரு வாரமுமா? வீட்ல எத்தனை பேரு?"

"நான் மட்டும்தான். ஞாயித்துக்கிழமை ஆளுக வருவாங்க."

"வர்றவங்க சாப்பிட மாட்டாங்களா?"

அக்கா குனிந்து நாயின் சங்கிலியைச் சரிசெய்தார். திரும்பி என்னைப் பார்க்கவே இல்லை. நான் கூடையில் கட்டிய துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

அந்த 'வர்றவங்க' யார் தெரியுமா? நாங்கள்தான்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் திண்டுக்கல்லில் ஒரு வாசகர் வட்டம் நடத்தினோம். வட்டம் என்றதும் மேடை, மைக், பொன்னாடை என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். மொத்தம் ஐந்து பேர். ஸ்டெல்லா அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காய்கறி மண்டிக்காரர் மனைவி ராஜேஸ்வரி. கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்க்கும் தனலட்சுமி, வடமதுரையிலிருந்து பஸ் ஏறி வருவாள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்த சவுந்தரம் சார், எங்களில் ஒரே ஆண்பிள்ளை. அப்புறம் நான்.

எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு புத்தகம் வாங்குவோம். அது அக்கா வீட்டிலேயே இருக்கும். ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்குக் கூடி, ஆள் மாற்றி ஆள் சத்தமாக ஓர் அத்தியாயம் வாசிப்போம். யாரும் முன்கூட்டிப் படித்துவிடக் கூடாது — இது சட்டம். வாசித்து நிறுத்திய இடத்தில் ஒரு கொய்யா இலையை வைத்து மூடிவிடுவார் அக்கா. அடுத்த ஞாயிறு வரை புத்தகம் அலமாரியில் சிறைவாசம்.

வாசிக்கும்போது அக்காவால் சும்மா இருக்க முடியாது. "இவ அவனை விட்டுட்டுப் போயிருவா பாரு." "அந்தாளு பொய் சொல்றான், நம்பாதீங்க." இப்படிக் குறுக்கே பாய்ந்துகொண்டே இருப்பார். பாதி நேரம் சொன்னது அப்படியே நடக்கும்! எப்படிக்கா என்றால், "இருபத்தஞ்சு வருசமா ஊராளுக பேச்சைத் தொடுத்துவிட்டவளாக்கும்" என்பார். சவுந்தரம் சாருக்கு மட்டும் கோபம் வரும். "நீங்களே எழுதியிருக்கலாமே, நாங்க எதுக்கு வாசிக்கிறோம்?" என்று கண்ணாடியைக் கழற்றிவிடுவார்.

போண்டாத் தட்டு வந்ததும் கண்ணாடி மறுபடி ஏறிவிடும். கடலை எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு போண்டா. அதற்காகவே வந்தவர்கள் இரண்டு பேர் உண்டு... பெயர் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். அதில் ஒருத்தி நான்.

நாய்ப் பெயருக்கு வருகிறேன். எங்களில் யார் போனாலும் அக்கா எட்டிப் பார்ப்பதற்குள் இவன் கேட்டுக்கு ஓடி வந்து, வாலாட்டி, காலைச் சுற்றி, ஆளை உள்ளே அழைத்துப் போய்விடுவான். இவனைத் தாண்டித்தான் அக்காவைப் பார்க்க முடியும். புத்தகத்துக்கு முன்னுரை போல! பெயர் வைத்தவர் சவுந்தரம் சார்.

அது தண்ணீர்ப் பஞ்ச காலம். எங்கள் ஊருக்குப் பெண் கொடுக்கவே யோசித்த காலம் என்றால் புரியும். குழாயில் எப்போது வரும் என்பது ஜோசியருக்கும் தெரியாது. அக்கா வீட்டு போர்வெல்லும் வற்றிவிட்டது. அதற்காகத் தோட்டத்தை விட்டாரா? பெயின்ட் வாளி, எண்ணெய் டின், விரிசல் விட்ட குடம் என்று எல்லாவற்றிலும் ஏதோ ஒரு செடி. அரிசி களைந்த தண்ணீர் கனகாம்பரத்துக்கு. மீன் கழுவிய தண்ணீர் ரோஜாவுக்கு. பாத்திரம் அலசியது கறிவேப்பிலைக்கு.

அந்த வீட்டுக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்க யாருக்கு மனசு வரும்? ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டு போவோம். அப்போது ஊரில் பல வீடுகளுக்கு அப்படித்தான் போனோம், யாரும் தப்பாக நினைத்ததில்லை. கிளம்பும்போது பாட்டிலில் மிச்சம் இருப்பதை வாசல் பக்கம் நின்ற கொய்யாக் கன்றுக்கு ஊற்றிவிடுவோம். சவுந்தரம் சார் பழனிக்குப் போய்த் திரும்பும்போது ஆயக்குடியில் வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த கன்று அது.

"ராஜேஸ்வரி, குடிச்சே தீர்த்துறாத தாயி. செடிக்குச் செத்த மிச்சம் வையி" என்பார் அக்கா. கதையை வைத்துப் பெரிய வாக்குவாதம் நடந்த அன்று எல்லோருக்கும் தொண்டை வறண்டுவிடும். அன்றைக்குக் கன்று பாடு பட்டினிதான். எங்கள் எச்சில் பாட்டில் தண்ணீரில்தான் அது வேர் பிடித்தது.

அப்புறம் மழை பெய்தது. நன்றாகவே பெய்தது. குழாயிலும் ஒழுங்காகத் தண்ணீர் வர ஆரம்பித்தது. பாட்டில் தூக்கும் வேலை ஓய்ந்தது.

நாங்களும் ஓய்ந்துவிட்டோம்.

ஏன் என்று இப்போது யோசித்தாலும் சொல்லிக்கொள்கிற மாதிரி காரணம் இல்லை. சண்டையா? இல்லை. என் மகளுக்கு பிளஸ் டூ, ஞாயிறும் டியூஷன், நான்தான் ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட வேண்டும். முதல் வாரம் போகாதபோது உறுத்தியது. நான் ஒருத்தி இல்லாவிட்டால் என்ன, மற்ற மூன்று பேர் இருக்கிறார்களே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் கொஞ்சம் குறைவாக உறுத்தியது. பிறகு, விட்டுப்போன அத்தியாயங்கள் சேர்ந்துவிட்டன, நடுவில் போய் உட்கார்ந்தால் கதை புரியாது என்று ஒரு சாக்கு. அவர்கள் இந்நேரம் வேறு புத்தகத்துக்குப் போயிருப்பார்கள் என்றுகூட நினைத்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

ஜில்லுவுக்கு மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், வேப்பமரத்தடியில் அக்கா எனக்காக நின்றுகொண்டிருந்தார். முன்னு மண்ணில் சரிந்து கிடந்தான்.

"ஏங்க்கா... தனம் வாராள்ல? ராஜேஸ்வரி?"

அக்கா சிரித்தார். "எல்லாருக்கும் சோலி இருக்கும்ல, ஜெயா."

"யாருமே வர்றதில்லையா? அப்புறம் போண்டா?"

"மாவைக் கரைச்சு வச்சிருவேன். நாலு மணியாயி யாராச்சும் ஒருத்தர் வந்து நின்னுட்டா? வெறும் டீயைக் குடுத்தா அனுப்புறது?"

"ஒரு போன் போட்டிருக்கலாமேக்கா!"

இதை யாரிடம் கேட்கிறேன் பாருங்கள். ஆயுசு முழுக்க ஊருக்கே போன் போட்டுக் கொடுத்தவரிடம்! அவர் கோபப்படவில்லை.

"போட்டா நீங்க வராததுக்கு ஒரு காரணம் தேடணும். எதுக்கு அந்தச் சங்கடம்?"

"அந்தப் புத்தகம்?"

"அது அப்படியேதான் இருக்கு. இலை வச்ச பக்கத்துலயே. கடைசி மூணு அத்தியாயம் பாக்கி." பிறகு நாயைத் தட்டி எழுப்பினார். "டாக்டரு போண்டாவை நிப்பாட்டச் சொல்லிட்டாரு. அதுவும் நல்லதுதான்... வாடா முன்னு, போவோம்."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக எல்லோருக்கும் போன் போட்டேன்.

தனம் சொன்னாள்: "அய்யய்யோ, நீங்கள்லாம் போறீங்கன்னுல்ல நெனச்சேன்!"

ராஜேஸ்வரி சொன்னாள்: "நான் மட்டுந்தான் வரலைன்னு உங்க மொகத்துல முழிக்கவே வெக்கப்பட்டுக்கிட்டு இருந்தேன்."

சவுந்தரம் சாரும் அதே கதைதான். "மூணு பொம்பளைங்க இருக்கீங்களேன்னு நெனச்சேம்மா" என்றார்.

ஆக, நாலு பேரும் மற்ற மூன்று பேரை நம்பியிருக்கிறோம். ஊர் கூடித் தேர் இழுப்பார்கள் என்பது சரி. ஆளாளுக்கு 'அவன் இழுப்பான்' என்று கையை விட்டால் தேர் எங்கே போகும்?

உடனே வருகிற ஞாயிறே போயிருக்க வேண்டும். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது. தனத்துக்கு அன்று வடமதுரையில் அண்ணன் வீட்டுக் காதுகுத்து. எல்லோரும் சேர்ந்து போய் அக்காவை அசத்தலாம், ஒரு வாரம்தானே என்றாள் ராஜேஸ்வரி. நானும் சரி என்றேன். ஒரு வருஷம் போனது, ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது?

அதற்கு அடுத்த ஞாயிறு, நாலு மணிக்கு நாலு பேரும் அக்கா வீட்டுக் கேட்டில் நின்றோம். முன்னு எழுந்து வந்தான்... எங்களைப் பார்த்துக் குரைத்தான். தபால்காரரைப் பார்த்தும் கேஸ் சிலிண்டர்காரரைப் பார்த்தும் குரைக்கிற அதே குரைப்பு. தனம் "டேய் முன்னு, நான்தாண்டா" என்று கையை நீட்டினாள். மோந்து பார்த்துவிட்டு மறுபடியும் குரைத்தான்.

கொய்யா மரம் சுவரைத் தாண்டி வளர்ந்திருந்தது. கிளையெல்லாம் காய். அணில் கடித்துப் போட்டது கீழே கிடந்தது. ராஜேஸ்வரி பழக்க தோஷத்தில் பாட்டில் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். யாரும் சொல்லாமலே அதைத் திறந்து மரத்தடியில் ஊற்றினாள். அங்கே மண் ஏற்கெனவே நனைந்துதான் இருந்தது.

அக்கா வெளியே வந்தார். எங்களைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம், "அய்யோ, நான் போண்டா போடலையே!" என்றார். முதலில் வந்தது அந்த வார்த்தைதான்.

"அதெல்லாம் வேணாங்க்கா. புத்தகத்தை எடுங்க, முடிச்சிருவோம்" என்றேன்.

அவர் முகம் மாறியது. ஏதோ தப்புச் செய்துவிட்டவர் மாதிரி எங்களைப் பார்த்தார். தப்பு யார் செய்தது?

"போன ஞாயித்துக்கிழமை சும்மா உக்காந்திருந்தேன். அடுப்படியில வேலை இல்ல பாரு, பொழுதே போகல. நீங்க இனி எங்க வரப்போறீங்கன்னு... எடுத்து வாசிச்சு முடிச்சுட்டேன். இம்புட்டு நாளு தொடாமத்தான் வச்சிருந்தேன். கடைசியில என்ன ஆகுதுன்னு சொல்லட்டுமா?"

எனக்கு அழுகை வந்தது. சவுந்தரம் சார்தான் சமாளித்தார். "வேணாம்மா. நாங்க வாசிக்கிறோம், நீங்க கேளுங்க."

பழைய இடத்திலேயே உட்கார்ந்தோம். கொய்யா இலை சருகாகி, அந்தப் பக்கத்திலேயே ஒட்டிக்கிடந்தது. அக்கா அதை எடுக்காமலே மீதியைப் படித்திருக்கிறார். நான்தான் வாசித்தேன். கதாநாயகி ஒரு முடிவு எடுக்கிற கட்டம். சாதாரணமாக அக்கா இரண்டு மூன்று தடவை குறுக்கே பாய்ந்திருக்கக் கூடிய இடம். நான் வேண்டுமென்றே நிறுத்தினேன். ராஜேஸ்வரியும் அவரைப் பார்த்தாள். சவுந்தரம் சார்கூடக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அக்கா நாயைத் தடவிக்கொண்டே, "வாசி ஜெயா, வாசி" என்றார். அந்த அத்தியாயம் முடியும் வரைக்கும் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே!

இப்போது வாராவாரம் போகிறோம். புதுப் புத்தகம் ஆரம்பித்தாயிற்று. முன்னு குரைப்பதை நிறுத்திவிட்டான், இளைக்கத்தான் இல்லை. அக்காவும் ஒன்றிரண்டு தடவை குறுக்கே பேசிவிட்டார். பழைய வேகம் இன்னும் வரவில்லை.

ஞாயிறு நாலு மணிக்குப் போக உங்களுக்கும் ஒரு வீடு இருந்தால், தயவுசெய்து போய்விடுங்கள் — மற்றவர்கள் போயிருக்க மாட்டார்கள்.