மாமாவின் முழங்கால்கள்

பிரான்சிலிருந்து மாமா வருகிறார் என்றதும், பெட்டி நிறைய சென்ட்டும் சாக்லேட்டும் வரும் என்று முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவே காத்திருந்தது. வந்தது ஒரு மேசை. நான்கு கால், மேலே பத்துக் கம்பி, அடியில் இரும்பு இரும்பாக என்னென்னவோ. அது பெடல் ஸ்டீல் கிட்டார் என்றார் மாமா. கிட்டார் என்றால் மடியில் வைத்துக்கொள்வது என்று எங்களுக்கும் தெரியும். தம்பிக்கு அங்கே வேலை போய்விட்டதோ என்று அம்மா அப்பாவிடம் முணுமுணுத்தாள். எட்டு வயதில் நான் இவர்கள் மூவரையுமே நம்புவதில்லை.

மாமா வாசிக்கும்போது கை ஒரே இடத்தில் நிற்கும்; சுரம் மட்டும் வழுக்கிக்கொண்டு இறங்கும். எங்கேயோ டேப் ரெக்கார்டரை ஒளித்து வைத்திருக்கிறார் என்று முடிவு செய்து, கையும் களவுமாகப் பிடிக்க மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். அகப்பட்டவை லீவர்கள். பாதத்தால் பெடலை மிதித்தால் கம்பி இறுகிச் சுரம் ஏறும். முழங்காலால் லீவரைத் தள்ளினால் கம்பி தளர்ந்து சுரம் இறங்கும். இடது முழங்காலை உள்பக்கம் தள்ளினால் இரண்டு கம்பிகள் அரைச் சுரம் இறங்கின. அதே காலை மேலே தூக்கினால் வேறு இரண்டு. வலது முழங்காலுக்கு இருந்த லீவர் பாதி தள்ளினால் அரைச் சுரமும் முழுக்கத் தள்ளினால் ஒரு சுரமும் இறக்கியது. எல்லாவற்றுக்கும் ஒரு விரல் அகலம் நகர்ந்தால் போதும்.

"அதுக்கு மேல தள்ளுனா காலுதான் வலிக்கும், சுதி எறங்காது," என்பார் மாமா. கால் ஆடுவதே வெளியே தெரியக் கூடாதாம்.

அம்மா அவருக்குப் பெண் தேட ஆரம்பித்தாள். வயது முப்பத்தைந்து, முன்மண்டையில் வழுக்கை, வாயைத் திறந்து பேச மாட்டார். ஆனால் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. எங்கள் ஊரில் அது இருந்தால் மாப்பிள்ளையின் மற்றக் குறைகள் யார் கண்ணிலும் படாது. எங்கள் ஊர்க் கதிர்காமத்துக்காரர் ஒருவர் சம்பிரதாயம் எதுவும் பார்க்காமல், தன் பெண்ணையே கையோடு அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். இவ்வளவு அவசரம் எதற்கு என்று அம்மா அவர்களைச் சந்தேகப்பட்டாள். பிரான்சை விட்டுவிட்டு எவனாவது வருவானா என்று அவர்கள் எங்களைச் சந்தேகப்பட்டார்கள். இரண்டு தரப்பும் சிரித்துக்கொண்டே கேசரி சாப்பிட்டார்கள்.

இருவரும் தனியாகப் பேசட்டும் என்று மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். தனியாக என்றால் என்னோடு. துணைக்குப் போ என்று அம்மாவின் வாய் சொன்னது. உளவு பார்த்து வா என்று கண் சொன்னது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

கூடத்தில் இருக்கும் அந்த மேசை என்ன என்று அந்த அக்கா கேட்டாள். மாமா சொன்னார். சுரத்தை இறக்குவதற்குக் கால் எதற்கு, கை போதாதா என்று கேட்டாள். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் கேட்காத கேள்வி. கை நகர்ந்தால் எல்லாக் கம்பிகளும் சேர்ந்து இறங்கிவிடும், லீவர் வேண்டிய கம்பியை மட்டும் இறக்கும், மற்றவை அசையாமல் நிற்கும் என்று விளக்கினார். ஒரு மாதம் எங்களோடு பேசியதை விட அதிகமாகப் பேசினார். கையிலிருந்த காபியில் ஏடு படிந்தது. அவள் சிரித்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் டாக்டருக்குப் படிக்கிறேங்க. கூடப் படிக்கிறவரு ஒருத்தரு இருக்காரு. வீட்ல தெரிஞ்சா படிப்பையே நிறுத்திடுவாங்க."

மாமா காபியைக் குடிக்காமலே கைப்பிடிச் சுவரில் வைத்தார். பிறகு, தானே வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகச் சொன்னார். அவள் பதறிப்போனாள். மாப்பிள்ளை வேண்டாம் என்றால் பெண்ணிடம் என்ன குறை என்று குடைவார்கள். குடைந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

"அப்ப உங்கப்பாவே வேணாம்னு சொல்லணும்," என்றார் மாமா.

"பிரான்சு மாப்பிள்ளைய அவரு எப்படிங்க வேணாம்பாரு?"

கீழே வந்ததும், எவ்வளவு கெஞ்சினாலும் பிறர் முன்னால் வாசிக்காத மாமா தானாகப் போய் மேசை முன் உட்கார்ந்தார். எனக்குப் பொறி தட்டியது. ஆண்கள் நாற்காலியில் இருந்தார்கள். அவர்களுக்கு மாமாவின் கைகள்தான் தெரிந்தன. பெண்கள் பாயில் இருந்தார்கள். அவர்கள் கண்ணுக்கு நேரே முழங்கால்கள். மெதுவான மெட்டு ஒன்றை எடுத்தார். சுரம் இறங்கிய இடங்களில் எல்லாம் முழங்கால் வெட்டி வெட்டி இழுத்தது. இறங்காத இடங்களிலும் லீவரைத் தொடாமல் வெறும் காற்றில் இழுத்தது. வாயும் லேசாக ஒருபக்கம் கோணியது. பாட்டு மட்டும் பிசகவே இல்லை.

பெண்ணின் அத்தை பக்கத்தில் இருந்தவளைக் கிள்ளினாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை உருவிக் கையில் தயாராக வைத்துக்கொண்டாள். வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும்.

கலந்து பேசிவிட்டுச் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனவர்கள் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. வெறும் வாயை மென்றுகொண்டிருந்த தெருவுக்கு அவல் கிடைத்தது. அம்மா அழுதுகொண்டே மாமாவை டாக்டரிடம் இழுத்துப் போனாள். ஒரு நோயும் இல்லை என்றார் டாக்டர்; அம்மா டாக்டரையும் நம்பவில்லை. அதன் பிறகு எங்கள் வாசலுக்கு ஒரு பெண் வீட்டாரும் வரவில்லை.

நான் மட்டும் மாமாவை மடக்கினேன். "சுதி எறங்காத எடத்துல ஏன் மாமா கால இழுத்தீங்க?"

"யார்கிட்டயும் சொல்லாத," என்றார். நான் சொல்லவில்லை. அவளுக்கும் பிடிக்கவில்லை, இவருக்கும் பிடிக்கவில்லை, இரண்டு பேரும் கூட்டுக் களவாணிகள் என்று எனக்குள்ளேயே தீர்ப்பு எழுதிவிட்டேன். இவ்வளவு பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

மாமா மேசையைக் கட்டிக்கொண்டு தனியாகவே பிரான்சுக்குத் திரும்பினார். அங்கிருந்து போன் செய்யும்போதெல்லாம், அம்மா நகர்ந்ததும் என்னிடம் குரலைத் தாழ்த்தி அந்தக் கதிர்காமத்துப் பெண்ணைப் பற்றிக் கேட்பார். படிப்பு முடிந்ததா, ஏதாவது தெரியுமா என்பார். மறுபடியும் பெண் கொடுக்க வந்துவிடுவார்களோ என்று பயப்படுகிறார் பாவம் என்று நினைத்துக்கொள்வேன்.

சில வருஷம் கழித்து, கல்யாணத் தரகர் மூலம் சேதி வந்தது. அடுத்த முறை மணி அடித்ததும் அம்மாவுக்கு முன்னால் ஓடிப்போய் போனை எடுத்தேன்.

"இனிமே பயமே இல்ல மாமா. அந்த அக்கா டாக்டராயிட்டாங்க. கூடப் படிச்சவரையே கல்யாணமும் பண்ணிக்கிட்டாங்க."

அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று ரிசீவரை வைத்துவிட்டேன்.