பிடியரிசி

எங்கள் தேவாலயத்தில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. சோற்றுக்கு அரிசி களையும் முன்பு ஒரு கைப்பிடி எடுத்து பால்மா டின்னில் போட்டு வைப்போம். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாரும் கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால் ஒரே சாக்கில் கொட்டுவோம். அது தேயிலைத் தோட்டத்தில் முடியாமல் கிடக்கிற யாராவது ஒருவர் வீட்டுக்குப் போகும். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்கள் என்று பார்ப்பதில்லை.

டீசல் இல்லாமல் பஸ்கள் நின்ற வருடம். தலவாக்கலையிலிருந்து ஹட்டனுக்கு பஸ் ஓட்டிய என் கணவர் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். தோட்டத்து முன்பள்ளியில் நான் வாங்கிய சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. கஞ்சத்தனம் செய்தாலும் எனக்கு அதைக் கௌரவமாகச் செய்ய வேண்டும். ஐந்து வயது மகளைக் கூப்பிட்டு, இனிமேல் ஆண்டவருக்கு அரிசி போடுவது உன் வேலை என்றேன். பிள்ளைக்குப் பக்தியும் வளரும், அவள் கை என் கையில் பாதிகூட இல்லை.

ஆனால் சம்பளத்துக்கு நான்கு நாள் இருக்கும்போதே அரிசி வாளி காலியாகிவிட்டது. முதல் ஞாயிறு காலையில் டின்னைத் தூக்கினால் கனத்தது. விளிம்புவரை அரிசி. எனக்குக் கோபம் வந்தால் அடுத்த லயத்து வரிசை வீடுகளுக்கும் கேட்கும். மகள் கொஞ்சமும் பயப்படவில்லை.

"என் கை சின்னதும்மா. அதனால மூணு தடவ போட்டேன்."

அவளை முகம் கழுவ அனுப்பிவிட்டு, டின்னிலிருந்து இரண்டு சுண்டு அரிசியை அள்ளி எடுத்தேன். பிறகு திரும்பவும் கொட்டி மூடினேன். பக்தி என்று பொய் சொல்ல மாட்டேன். குறைந்த டின் வழியெல்லாம் குலுங்கும், பிள்ளை ஏன் என்று கேட்பாள். அந்தப் பயம்தான்.

அந்த மாதச் சாக்கு எங்கள் லயத்துக்கே வந்தது. கடைசி வீட்டில் இருக்கிற, மாரியம்மனைக் கும்பிடுகிற பெண்ணுக்கு. கொழுந்தெடுக்கப் போன இடத்தில் வழுக்கி விழுந்து கை முறிந்து, ஒரு மாதமாக அவளுக்கு வேலை இல்லை. நாங்கள் உருளைக்கிழங்கு அவித்துத் தின்று நாளை ஓட்டினோம்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம், கட்டுப்போட்ட கையோடு அவள் எங்கள் வாசலில் நின்றாள். மற்றக் கையில் ஒரு தட்டு நிறையச் சோறும் பருப்பும். லயத்தில் எட்டு வீட்டுக்கும் கொடுக்கிறாளாம். எங்களிடம் அரிசி இல்லாதது அவளுக்குத் தெரியாது. இப்படி வாரிக் கொடுத்தால் உன் பிள்ளைகளுக்கு எத்தனை நாளைக்கு வரும் என்று சத்தம் போட்டேன்.

"சாமிக்கு வச்ச அரிசிங்க டீச்சர். அத நாங்க மட்டும் எப்படித் திங்கிறது?"

தேவாலயத்து அரிசியைப் பிரசாதம் என்று நினைத்திருக்கிறாள். அப்படியில்லை, அது முழுக்க உனக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தவள் அதை விட்டுவிட்டேன். பிறந்ததிலிருந்து காணிக்கையைப் பற்றிப் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவள் நான். வெட்கமாக இருந்தது.

மகள் அதற்குள் தட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் போனதும் நான், கணவர், மகள் மூவரும் அந்த ஒரே தட்டில் சாப்பிட்டோம். அவ்வளவு ருசியான சோற்றை நான் அதற்கு முன் தின்றதில்லை. தட்டைக் கழுவினேன். வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. வீட்டில் மிச்சமிருந்தது நான்கு கிழங்கு. நான்கையும் வைத்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். என் வாழ்நாளில் மனதார வைத்த முதல் காணிக்கை அதுதான்.