காதுப் பரீட்சையில் பாஸ்

என் காதைத் தின்றது மில்லின் தறிச் சத்தம். காது கேட்காது என்று தெரிந்தால் அங்கே வேலை போய்விடும். அதனால் வருஷாந்திரப் பரிசோதனையில் டாக்டரின் கையைக் கவனித்தே, கேட்பதுபோல் நடிக்கப் பழகிக்கொண்டேன்.

மில் மூடிப் பல வருஷம் கழித்து, பக்கத்துத் தறிக்காரன் கோவிந்தன் என்னை ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். இரைச்சலில் காது போனவர்களை வைத்து ஆராய்ச்சியாம். சேர்ந்தால் காது மிஷின் இலவசம்.

கண்ணாடி அறையில் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். "சத்தம் கேட்டா பட்டன அழுத்துங்கய்யா" என்று பரிசோதித்த பெண் சொன்னதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஆனால் கண்ணாடிக்கு அப்பால் அவள் மிஷினைத் தட்டும்போதெல்லாம் தோள் அசைந்தது. என் கட்டைவிரல் தானாக அழுத்தியது. வெட்கங்கெட்ட பழக்கம்!

"காது நல்லா கேக்குதுய்யா. ஒங்கள சேக்க முடியாது" என்று சிரித்தாள்.

"எனக்குக் கேக்காதும்மா!"

"மிஷின் பொய் சொல்லாதுய்யா."

இலவசத்துக்கு அலையும் கிழவன் என்று நினைத்திருப்பாள். கோவிந்தன் கெட்டிக்காரன், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தானாம். அவனுக்குக் காது மிஷின் கிடைத்தது.

மில்லில் ஒருவர் வாயை ஒருவர் பார்த்தே பேசியவர்கள் நாங்கள். இப்போது நெல்லித்தோப்பு டீக்கடையில் அவன் ரோட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டே என்னிடம் பேசுகிறான். என் முகம் அவனுக்குத் தேவைப்படவில்லை. "இப்படித் திரும்பிப் பேசுடா" என்று கேட்க ரோஷம் விடவில்லை.

எல்லாம் கேட்டதுபோல் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.