அண்ணன் பெயருக்கு முன்னால் துரையின் ஊர்

எங்கள் அண்ணன் பெயருக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரரின் குடும்பப் பெயர் இருந்தது. சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள். அன்றைக்குத் தோட்டமே சிரித்தது.

மலாயாவில், கோலா பிலா போகும் சாலையில் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். துரையின் பெயர் தார்ன்டன். தோட்டத்துக்கும் அதே பெயர்தான். அப்பா துரை பங்களாவில் செடிகொடிகளைப் பார்த்துக்கொண்டவர். யாரிடம் என்ன கேட்கலாம் என்ற கணக்கெல்லாம் அவருக்குக் கிடையாது. ரோஜாவுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் நிமிர்ந்து, "தொரை, உங்க பேருக்கு என்னங்க அர்த்தம்?" என்று கேட்டுவிட்டார்.

துரைக்குத் தோட்டத் தமிழ் நன்றாக வரும். அது பெயரே இல்லை, ஊர் என்றாராம். முள்மரங்களுக்கு நடுவே நாலு குடிசையும் ஒரு பண்ணையுமாக இருந்த இடமாம். அவருடைய பாட்டனுக்குப் பாட்டனுக்கும் முந்தைய ஒருவர் அங்கிருந்து வேறு ஊருக்குப் பிழைக்கப் போனாராம். போன இடத்தில் அவரை 'தார்ன்டன்காரன்' என்றே கூப்பிட்டார்களாம். மகனுக்கும் பேரனுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. "நான் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை" என்று துரை சிரித்தாராம்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. நாமும் பெயருக்கு முன்னால் ஊரைப் போடுகிறவர்கள்தானே! அண்ணனைத் தோட்டப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் ஊரைக் கேட்டார். அப்பாவின் ஊர் முசிறி. ஆனால் அண்ணன் பிறந்தது இந்தத் தோட்டத்து லயத்து வீட்டில். "புள்ள பொறந்த ஊரைப் போடுங்க வாத்தியாரே" என்று சொல்லி, தார்ன்டன் என்று எழுத வைத்துவிட்டார். அன்றிலிருந்து அண்ணன் தோட்டத்துக்கே 'சின்னத் தொரை'. அவனும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். துரை ஒரு காலையில் காரில் ஏறிச் சிங்கப்பூர்ப் பக்கம் போனவர் திரும்பவில்லை. பெயர்ப் பலகையைப் பிடுங்கி அடுப்பில் வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொன்ன, வேலை மேற்பார்க்கும் மண்டோர் ஒருவரை வெயிலில் முட்டிபோட வைத்தார்கள். அப்பா நடுங்கிப் போனார். "எவன் கேட்டாலும் முசிறின்னு சொல்லு. மத்தத வாயில எடுக்காதே" என்று அண்ணனிடம் சத்தியம் வாங்கினார். நானும்தான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். முதல் லாரியில் போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. இரண்டாவது முறை வீட்டுக்கு ஓர் ஆள் என்றார்கள். தோட்டத்து ஆபீஸ் கணக்கர் கிராணி எழுதிய பட்டியலில் எங்கள் வீட்டுக்கு அப்பா பெயர் இருந்தது. அப்பாவுக்கு அப்போது இருமினால் ரத்தம் வரும். "அவருக்குப் பதிலா நான் போறேன் கங்காணி" என்று அண்ணன் காலில் விழுந்து கேட்டான். "எழுதினது எழுதினதுதான்டா, மாத்த முடியாதுலா. என் தலை போயிரும்" என்றார் கங்காணி.

மறுநாள் காலை, பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லாரும் வரிசையாக நின்றோம். அப்பா பெயரை வாசித்தார்கள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு லாரியை நோக்கி நடந்தார். அப்போதுதான் அண்ணன் வரிசையை விட்டு வெளியே வந்தான். ஜப்பான் அதிகாரிக்கு முன்னால் போய் நின்று, "என் ஊரு தார்ன்டன்! என் பேரு தார்ன்டன்!" என்று மாரில் தட்டிக் கத்தினான்.

அறை விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டு சிப்பாய்கள் அவனைத் தூக்கி லாரியில் எறிந்தார்கள். கிராணி ஓடிப்போய், "இந்த வீட்டுக்கு ஆள் சரியாப் போச்சு" என்று மொழிபெயர்ப்பாளனிடம் கெஞ்சினார். அப்பாவைப் பிடித்து வரிசைக்குள் தள்ளினார்கள். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு வயது எட்டு. அழுகை வரவில்லை, கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. லாரியருகே ஓடினேன்.

"சத்தியம் பண்ணினியே! ஏண்ணே சொன்னே? பெருமையடிக்கத்தானே?"

அவன் உதட்டில் ரத்தம் வழிந்தது. "ஆமா பாப்பா. வாய் தவறி வந்திருச்சு" என்றான்.

அதை நான் அப்படியே நம்பினேன். போய்ச் சேர்ந்தானா, எங்கே விழுந்தான், எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. அன்று லாரி கிளம்பியபோது அவன் என்னையே பார்த்துக் கையை ஆட்டினான். பேச்சைக் கேட்காதவனுக்கு இது வேண்டும் என்று நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.