எண்ணெய் குடித்த கரி

கையளவு கரித்துண்டு ஒன்று ஷெட் வாசலில், வெயிலில் பளபளத்தது. எங்கள் லேத்து வேலைக்காரர் டர்னர் அதை உள்ளங்கையில் ஏந்திச் சிரித்தபடி நின்றதுதான் அவரைப் பற்றி முதலில் நினைவுக்கு வருவது.

ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டு ஊர் ஊராகச் சுற்றிய நான், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருமழிசை தொழிற்பேட்டையில் அந்த ஷெட்டில் ஒதுங்கினேன். முதலாளி, டர்னர், நான் என்று நாங்கள் மூன்றே பேர். முதலாளியை சார் என்போம். எந்தக் கரியிலும் லேசான அணுக்களோடு கனமான அணுக்கள் கொஞ்சம் கலந்திருக்கும். கனமானவை மட்டுமே உள்ள கிராஃபைட் செய்தால், செயற்கை வைரம் செய்கிறவர்கள் வாங்குவார்கள் என்று சார் நம்பினார். அந்தக் கனமான கரி மட்டுமே கொண்ட வாயு வெளிநாட்டிலிருந்து ஒரே ஒரு சிலிண்டர் வந்தது. அதை உலையில் சிதைத்து, படிந்த கரியைச் சுரண்டி, அழுத்தி, மறுபடி சுட்டுக் கிடைத்தது அந்த ஒரு துண்டு. ஆய்வுக்கூடம் சுத்தம் என்று சொன்னால் ஷெட் பிழைக்கும். இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான்.

பீடிப் புகைகூட உள்ளே வரக்கூடாது என்று சார் சொன்னதால் டர்னர் பீடியையே விட்டவர். ஆனால் அம்பத்தூர் லேத்துப் பட்டறைகளில் வளர்ந்த கை அது. செய்த சாமானைத் துடைக்காமல் அனுப்புவது, அவருக்கு வேட்டியில்லாமல் தெருவில் இறங்குவதுபோல. துண்டைப் பார்சல் கட்டச் சொல்லிவிட்டு சார் பூந்தமல்லி போய் வந்தார்.

“பாரு சார், மூஞ்சி தெரியுது!” என்றார் டர்னர்.

“எதுல தொடச்சே?”

“மண்ணெண்ணெதான். அப்பால ரெண்டு சொட்டு மெஷின் ஆயிலு. மாப்ளய அழுக்கோடவா அனுப்புவாங்கோ?”

சார் திட்டவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டார். எண்ணெய்க்குள் இருப்பதும் கரிதான், லேசான சாதாரணக் கரி. துண்டு அதைக் குடித்துவிட்டது என்றார்.

“சூடு காட்டிப் போக்கிடலாமே சார்” என்றேன்.

“எண்ணெய் போயிடும்பா. அது விட்ட கரி போகாது.”

சுட்டுத்தான் அனுப்பினோம். கலப்பு என்று பதில் வந்தது. சார் ஷெட்டைப் பூட்டிவிட்டார். இப்போது அங்கே ஒரு பந்தல்காரர் நாற்காலி அடுக்கி வைத்திருக்கிறார்.

சில வருஷம் கழித்து, ஒரு மழைநாளில், அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வேலை கேட்டுப் போனேன். உள்ளே டர்னர். அவர் கடைந்த இரும்புத் தண்டுகள் எண்ணெய் போட்டுத் துடைக்கப்படாமல் துருவேறிக் கிடந்தன. அந்தப் பட்டறைக்காரர் அவரை வெளியே போகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“இன்னா அண்ணாத்தே, கொஞ்சம் ஆயில் போட்டா இன்னா?” என்றேன் நான்.

“எது எத்த கெடுக்கும்னு யாருக்கு நைனா தெரியும்?” என்றார். என்னைப் பார்க்காமலே மழையில் இறங்கிப் போனார்.

பட்டறைக்காரர் எண்ணெய் டப்பாவையும் பழந்துணியையும் என் பக்கம் தள்ளினார். எனக்கும் வேலை வேண்டியிருந்தது. உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தேன்.